கொண்டான் கொடுத்தான்

பாமோவுக்கு மேலே மூன்று நாள் நடை.
சண்டைக் காலத்தில் விழுந்த பாராசூட் துணியை
மூங்கில் கொட்டகைக்குக் கூரையாகக் கட்டியிருந்தார்கள்.
வெயில் அதன் வழியே பால் மாதிரி இறங்கியது.
இந்தப் பெஞ்சில் மலை, எதிர்ப் பெஞ்சில் சமவெளி,
நடுவே முக்காலியில் நான், மாரிப் நோ,
இரண்டு பேச்சுக்கும் சேர்த்து
நாளுக்கு ஒன்றரை ரூபாய், ஒருவேளைச் சோறு.

ரங்கூனிலிருந்து வந்த ஊ தெய்ன் ஞுன் நல்ல மனிதர்.
அட்டை கடித்து வீங்கிய கணுக்காலை
லுங்கிக்குள் மறைத்துக்கொண்டு
சிரித்தபடிதான் தொடங்கினார்:
"வெள்ளைக்காரன் போகிறான்.
நாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.
நாங்கள் அண்ணன், நீங்கள் தம்பி."

ஜிங்போவில் சொன்னேன்.
டுவா லாத்தாவ் தாங் வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கி
முதல்முறையாக முகம் மலர்ந்தார்.
"அப்படியா? சரி. வீடு எங்களுக்கு."

எங்கள் மலையில் மூத்தவன்தான் கிளம்ப வேண்டும்,
கூடையும் விதைநெல்லுமாக வேறு சரிவு தேடி.
அடுப்பும் அடுப்படித் தெய்வமும் கடைக்குட்டிக்கு.
தாங் என்றால் ஐந்தாம் பிள்ளை.
நோ என்றால் இரண்டாமவன்,
கிளம்பவும் முந்தாமல், தங்கவும் உரிமையில்லாமல்.

இதை எப்படிச் சொல்ல ரங்கூன்காரரிடம்?
"மகிழ்ச்சி என்கிறார்" என்றேன்.
பொய்யும் இல்லை.
மகிழ்ந்துதானே இருந்தார்.

மறுநாள் முழுக்க உப்பு விலை,
கோவேறு கழுதைப் பாதைக்கு யார் கல் போடுவது,
பள்ளிக்கூடத்தில் எந்த எழுத்து.
ஷான் அரசர் அனுப்பிய ஆள்
கொட்டாவிகளுக்கு நடுவே குறிப்பெடுத்தான்.
பொழுது சாயும்போது டுவா சொன்னார்:
"அண்ணன் தம்பி வேண்டாம். பங்காளி பங்காளியை வெட்டுவான்.
கொண்டான் கொடுத்தானாக இருப்போம்.
ஒன்று மட்டும் தெரிய வேண்டும்.
பெண் கொடுப்பது யார்?
எடுப்பது யார்?"

கொடுத்தவன் மேல்.
எடுத்தவன் ஏழு தலைமுறைக்கும் கடன்காரன்:
எருமையாக, சேகண்டியாக, வேட்டையில் ஒரு பங்காக
தந்துகொண்டே இருப்பான்.
தருவது நின்ற அன்று கத்தி பேசும்.

ஊ தெய்ன் ஞுன் நெடுநேரம் பென்சில் சீவினார்.
"இருவரும் கொடுப்போம், இருவரும் எடுப்போம்"
என்றார், கண் கலங்க.
எங்களில் அது முறைகேடு.
கொடுத்த வீட்டில் எடுப்பதில்லை.
நான் வாய் திறக்கும் முன்னே
அரிசிக்கள் ஊற்றிக்கொண்டிருந்த ரோய்
எங்கோ பர்மியம் படித்திருக்கிறாள்,
பக்கென்று சிரித்துவிட்டாள்.
பெண்ணைப் பற்றிய அத்தனை பேச்சில்
ஒரு பெண் போட்ட சத்தம் அது ஒன்றுதான்.

கடைசி நாள், கடைசித் தாள்:
பிடிக்காவிட்டால் பிரியலாம் என்று ஒரு வரி.
"தாழ்ப்பாள் கதவுக்கு எந்தப் பக்கம்?" என்றார் டுவா.
இதை மட்டும் ஒரு சொல் பிசகாமல் பெயர்த்தேன்.
காற்று பாராசூட்டைத் தூக்கித் தூக்கிப் போட்டது.
எல்லோரும் அண்ணாந்து
அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு மை வந்தது.
பெருவிரலை நனைத்து, தாளின் மேல் நிறுத்தி
ஒரே வார்த்தை சொன்னார் டுவா:
கேட்டேன்.

காதில் வாங்கினேன் என்றா?
கேட்டுவிட்டேன், பதில் பாக்கி என்றா?
எதிர்ப் பெஞ்சின் பென்சில்கள்
என் வாயையே பார்த்து நின்றன.
வெளியே எருமையைக் கட்டியாயிற்று.
துப்பாக்கியை வானத்துக்கு நீட்டிக்கொண்டு
பையன்கள் தயார்.

"சம்மதம்" என்றேன்.

சாயங்காலம் கூலி.
நாலரை ரூபாய்க்கு ஐந்து ரூபாய்த் தாள் தந்தார்
ஊ தெய்ன் ஞுன்.
மீதி எட்டணா என்னிடம் இல்லை.
"இருக்கட்டும் தம்பி" என்று தோளைத் தட்டிவிட்டு
கணுக்காலை இழுத்து இழுத்து
சரிவில் இறங்கிப் போனார்.

எங்கள் வழக்கப்படி
அது கடன்.